எளிய வில்லும் வலிய வினையும்

கொல்லாமையைக் குலதருமமாகப் பெற்றுள்ள நமக்கு வேட்டையைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் எண்ணலாம். எனினும், அண்மையில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு வினா வேட்டைக் காட்டோடு நிற்காமல் நம் இல்லங்களுக்குள்ளும் நுழையும் தன்மையுடையதாக இருந்தது. அதனால் இதனை எழுதத் துணிந்தேன்.

என் தமையனார் மகன் அமெரிக்க நாட்டில் பணிபுரிகின்றான். அவனுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் செல்பவர். துப்பாக்கியை அவர் தொடுவதில்லை. உருளைகள் பொருத்திய நவீன வில்லையும் விட்டுவிட்டார். மரத்தால் ஆன பழைய முறை வில்லை, அதிலும் வலிமை குறைந்த ஒன்றையே எடுத்துச் செல்கிறார். “உங்கள் சமயம் இம்சையைக் குறைக்கச் சொல்கிறது. நானும் என் ஆயுதத்தின் வலிமையைக் குறைத்துக்கொண்டேன். மானுக்குத் தப்பும் வாய்ப்பையும் தருகிறேன். அந்த அளவுக்கு என் பாவமும் குறையும் அல்லவா?” என்று அவர் கேட்டாராம். “சித்தப்பா, இதற்கு நான் என்ன விடை சொல்வது?” என்றான் பிள்ளை. நானும் உடனே விடை கூறவில்லை. உண்மையுள்ளத்தோடு கேட்கப்பட்ட வினாவை எள்ளி ஒதுக்குதல் நற்காட்சி உடையவர்க்கு அழகன்று.

முதலில் அந்த வில்லின் இயல்பை அறிவோம். வில்லின் நாணை முழுவதும் இழுத்துப் பிடிக்க வேண்டிய விசையை அந்நாட்டார் பவுண்டுக் கணக்கில் அளக்கின்றனர். பழைய முறை வில்களுக்கு, 28 அங்குலம் இழுத்த நிலையில் தாங்க வேண்டிய பளுவே அவ்வில்லின் இழுவிசை எனப்படும். 40 பவுண்டு வில் என்றால் ஏறக்குறைய 18 கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பாகும். வேட்டைக்குரிய வில்களுள் இஃது எளியது.

எளிய வில்லை விரும்புவோர் கூறும் காரணங்களும் அறிவுக்குப் பொருந்துவனவே. தன் ஆற்றலுக்கு மிஞ்சிய வில்லை இழுப்பவனின் தோள் நடுங்கும், குறி தவறும், விலங்கு அரைகுறையாகக் காயமுறும். எளிய வில்லை ஏந்தியவனோ அமைதியாகக் குறிபார்க்க இயலும். அவன் தொலைவிலிருந்து எய்ய முடியாமல் 20 கஜத்துக்குள் நெருங்க வேண்டியிருப்பதால், பல நாட்கள் எய்யாமலே திரும்புவான். இக்கூற்றில் உயிரின் துன்பத்தை நினைக்கும் உள்ளம் சிறிது விழித்திருப்பதை நாம் மறுக்கலாகாது.

ஆயினும் வில்லின் மென்மை வேறு. மானுக்குக் கிடைக்கும் மென்மை வேறு. துப்பாக்கிக் குண்டு தாக்குதலின் வேகத்தால் கொல்வது. அம்போ அறுத்துக் குருதியை வடியச் செய்து கொல்வது. எளிய வில்லிலிருந்து செல்லும் அம்பு நொடிக்கு 160 அடி அளவில் செல்வதாகக் கொண்டால், 60 அடி தொலைவைக் கடக்க ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். நாணின் ஓசையோ ஏறக்குறைய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் மானின் செவியை எட்டிவிடும். அஞ்சிய மான் உடலைத் தாழ்த்திப் பாய முற்படும்; நுரையீரலுக்கு வைத்த குறி வேறிடத்தில் தைக்கும். அம்பு வயிற்றில் தைத்துவிட்டால் உடனே பின்தொடராமல் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே வேட்டை பயில்வோர்க்குச் சொல்லப்படும் அறிவுரை. அத்தனை மணி நேரமும் அவ்வுயிர் எங்கோ ஒரு புதருக்குள் துடித்துக் கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

இதனாலேயே அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில் சட்டம் வில்லின் வலிமைக்குக் கீழ்வரம்பு விதித்துள்ளது. கொலராடோவில் 35 பவுண்டுக்குக் குறைந்த வில்லால் பெருவிலங்கை வேட்டையாடலாகாது. அலாஸ்காவில் மானுக்குக் குறைந்தது 40 பவுண்டு. மூஸ் என்னும் மாபெரும் மானுக்கும் பழுப்புக் கரடிக்கும் 50 பவுண்டு. சட்டம் இயற்றியோர் நம் சமயத்தவர் அல்லர். கொல்லாமையை ஏற்றவரும் அல்லர். ஆயினும் ஓர் உண்மையை அவர்களும் கண்டுள்ளனர்: கருவியின் வலிமை குறைவதாலேயே துன்பம் குறைந்துவிடாது. வலிய வில்லில் ஒரு தீங்கு. எளிய வில்லில் வேறொரு தீங்கு. எத்தனை பவுண்டில் கொலை கருணையாகும் என்று தேடினால் அப்படியோர் எண் கிடைக்காது.

“மானுக்கு வாய்ப்புத் தருகிறேன்” என்னும் வாதமும் இத்தகையதே. இருவர் உடன்பட்டு இறங்கினால் அது போட்டி. மான் எந்தப் போட்டிக்கும் உடன்படவில்லை. அது தோற்றால் இழப்பது உயிர். வேடர் தோற்றால் இழப்பது ஒரு மாலைப் பொழுது.

இவ்விடத்தில் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவின் யாஹி என்னும் பழங்குடியினர் குடியேறியவர்களால் கொன்று குவிக்கப்பட்ட பின், எஞ்சிய ஒருவர் 1911 ஆகஸ்டில் ஓரோவில் என்னும் ஊரருகே வெளிப்பட்டார். ‘இஷி’ என அழைக்கப்பட்ட அவர் 1916-ல் காசநோயால் இறந்தார். அவரிடம் வில்வித்தை கற்றவர் சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர். போப் 1923-ல் வெளியிட்ட நூலே அந்நாட்டில் வில்வேட்டை மீண்டும் பரவக் காரணமாயிற்று. இஷியின் வில் எளியது. போப் கரடி வேட்டைக்குக் கொண்டு சென்ற வில் அதனினும் மிக வலியது. ஆனால் இருவருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு பவுண்டில் இல்லை. முன்னவர் தம் குடியோடு ஒளிந்து வாழ்ந்த மலையில் பசி தீர்க்க வில்லேந்தியவர். பின்னவர் ஊரில் உணவும் தொழிலும் இருக்க, ஆர்வத்தால் வில்லேந்தியவர். வினை இருவரையும் பற்றும் என்றாலும், பற்றும் அளவை உள்ளத்தின் நிலையே தீர்மானிக்கும்.

நம் ஆகமம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. இம்சை நான்கு வகைப்படும். இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். கொல்ல வேண்டும் என்று எண்ணிக் கொல்வது சங்கற்பம். முதல் மூன்றையும் இல்லறத்தார் இயன்றவரை குறைக்க வேண்டும். நான்காவதை அறவே விட வேண்டும். வேட்டை சங்கற்பத்தைச் சேர்ந்தது. ஏழு வியசனங்களுள்ளும் ஒன்றாக எண்ணப்பட்டது. வலையோடு புறப்பட்டவன் ஒரு மீனும் பெறாமல் திரும்பினும் வினையுடையவன் என்றும், ஏர் உழுபவன் மண்ணுயிர்கள் மடிய உழுதும் அவனைப் போன்றவன் அல்லன் என்றும் ஆசாரியர்கள் கூறுவதன் கருத்து இதுவே. ஏர் பிடித்து வாழ்ந்த முன்னோரின் வழிவந்த நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். அமிருதசந்திர ஆசாரியரும் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், பல சிற்றுயிர்களைக் கொல்வதினும் ஒரு பேருயிரைக் கொல்வது நன்று என்பது போன்ற கணக்குகளை ஏற்காமல் தள்ளியுள்ளார். எண்ணிக்கையால் வினையைக் குறைக்க நினைப்பதும், இழுவிசையால் வினையைக் குறைக்க நினைப்பதும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

யசோதர காவியத்தை அறியாதவர் நம்முள் இலர். உயிர்ப்பலிக்கு அஞ்சிய மன்னன், தாயின் சொல்லுக்கிணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். அங்கே குருதியும் இல்லை, துடிப்பும் இல்லை. உலகில் அதனினும் எளிய ஆயுதம் உண்டோ? ஆயினும் கொல்லும் எண்ணம் முழுமையாக இருந்தமையால் தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்காகவும் பறவையாகவும் உழன்றனர். அவர்கள் சேவல்களாகப் பிறந்திருந்தபோது, யசோதரனின் மகனான யசோமதி மன்னன், ஓசை கேட்டு எய்யும் தன் வில்திறமையைத் தேவிக்குக் காட்ட விரும்பி அம்பு விடுத்தான். மடிந்த சேவல்கள் அவனுடைய தந்தையும் பாட்டியும் என்பதை அவன் அறியவில்லை. அன்று அவனுக்குப் பசியில்லை, பகையில்லை, திறமையின் செருக்கு ஒன்றே இருந்தது. வில்லின் நுட்பத்தைப் போற்றி வேட்டையாடுவோர் அனைவரும் சிந்திக்க வேண்டிய இடம் இது.

இங்கே ஒரு தடை எழும். “அப்படியாயின், குறைத்துக்கொள்வதால் பயனில்லையா? நம் அணுவிரதமும் குறைத்துக்கொள்வதுதானே? முனிவரின் மகாவிரதத்தை நோக்க இல்லறத்தானின் விரதமும் ஓர் எளிய வில்தானே?” என்று கேட்கலாம். நேர்மையான தடை இது. பல நாள் என்னை இது உறுத்தியது.

இதற்கு விடையாகக் கதிரசாரனின் கதையைக் கண்டேன். விந்திய மலைக் காட்டில் வாழ்ந்த வேடன் அவன். வேட்டையையும் ஊனையும் விட இயலாத அவனிடம் முனிவர், காக்கையின் ஊனை மட்டுமாவது விடுக என்றார். அவனும் ஏற்றான். பின்னாளில் நோயுற்றபோது, காக்கை ஊனே மருந்து என்றனர் மருத்துவர். உயிரே போயினும் விரதத்தைக் கைவிட மாட்டேன் என்று அவன் மறுத்து உயிர் நீத்தான். அவனே பின்னர்ச் சிரேணிக மன்னனாகப் பிறந்து, பகவான் மகாவீரரின் சமவசரணத்தில் கேள்வி கேட்கும் பேறு பெற்றான்.

வேற்றுமை இப்பொழுது புலனாகிறது. கதிரசாரன் விட்டது மிகச் சிறிது. ஆனால் விட்டதை முழுவதும் விட்டான். அவன் நெஞ்சில் ஓருயிரினத்துக்கு அபயம் பிறந்தது. எளிய வில்லை ஏந்துபவர் எல்லாவற்றிலும் சிறிது குறைக்கிறார், எதனையும் விடவில்லை. அவர் வில்லின் முன் எந்த உயிருக்கும் அபயம் இல்லை. விரதம் என்பது எல்லை வகுத்து, அவ்வெல்லைக்குள் முழுமையாக விலகி நிற்பது. சிறிய எல்லையாயினும் அது வாயில். அதன் வழியே மேலும் செல்லலாம். தளர்த்திய நாணோ வாயில் அன்று. அது மனத்தை ஆறுதல்படுத்தி அங்கேயே நிறுத்திவிடும்.

ஆகவே பிள்ளைக்கு நான் கூறிய விடை இது: “நண்பரை இகழாதே. இரக்கம் அவரிடம் முளைத்திருக்கிறது. ஆனால் பவுண்டைக் குறைப்பதற்குப் பதிலாக ஒன்றை முழுதும் விடச் சொல். ஒரு விலங்கையோ, ஒரு மாதத்தையோ, ஒரு காட்டையோ அவர் விடட்டும். வில்லின் மீது அன்பிருந்தால் வட்ட இலக்கை நோக்கி எய்யட்டும். ஒலிம்பிக் வீரர்கள் 70 மீட்டரில் அவ்வாறே எய்கின்றனர். மான் வடிவில் செய்த நுரைப் பொம்மைகளும் அங்கே இலக்காக விற்கின்றனவாம், அவை வேண்டா. மாக்கோழியின் கதையை அவருக்குச் சொல்.”

பிள்ளைக்கு விடை கூறிய பின் என்னையே நான் நோக்கினேன். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. நம் கைகளில் வில் இல்லை. ஆனால் எளிய வில்கள் நம் வீடுகளில் இல்லையா? பூச்சிகளைக் கொல்ல ஆளை வரவழைத்துவிட்டு, நாம் கோயிலுக்குச் சென்றுவிடுகிறோம். நம் கையால் நடக்கவில்லை என்று ஆறுதல் கொள்கிறோம். உரத்த சொல்லால் ஒருவரை வையாமல், தாழ்ந்த குரலில் புன்னகையோடு புறங்கூறுகிறோம். பங்காளியோடு வழக்காடுவதை நிறுத்திவிட்டு, பேசாமையையே அம்பாக எய்கிறோம். இவையெல்லாம் இழுவிசை குறைந்த வில்கள். அம்பு மெதுவாகச் செல்கிறது. ஆனால் சென்று தைக்கிறது.

மரவில்லைப் பேணுவோர் ஒரு வழக்கத்தைத் தவறாமல் பின்பற்றுகின்றனர். பயன்படுத்தாத வேளையில் நாணைக் கழற்றி வைப்பர். நாண் ஏற்றியபடியே நெடுநாள் கிடக்கும் மரவில் வளைந்து தன் இயல்பை இழந்துவிடும். உள்ளமும் அத்தகையதே. கொல்லும் எண்ணமும் வருத்தும் எண்ணமும் ஏறியிருக்கும்வரை, எத்தனை பவுண்டானாலும் அது வளைந்தே கிடக்கும். ஒரு பகையையேனும், ஒரு பழக்கத்தையேனும், வரும் பருவ நாளில் முழுதும் கழற்றி வைப்போமாக.

கொல்லா அறம் ஓங்குக!