ஸ்வரம் எங்கே நிற்க வேண்டும்?

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் கேள்வி ஞானத்தால் வளர்ந்தவர்கள். பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் போகிற பேஸைத் தேடிப் பிடித்து, கையில் ஏற்றிக்கொள்கிறார்கள். காதும் கையும் ஒத்துழைத்தால் சில ஆண்டுகளில் மேடையேறிவிடலாம். அப்படி வந்த ஒருவரிடம் போய், இனி ஐந்து கோடுகளையும் அவற்றின் மேல் நிற்கும் புள்ளிகளையும் படிக்கக் கற்றுக்கொள் என்றால், எதற்கு என்று அவர் கேட்பது நியாயம்தான். வேலைக்கு என்பது வழக்கமான பதில். ஸ்டுடியோவில் தாளை நீட்டினால் பார்த்த மாத்திரத்தில் வாசித்தாக வேண்டும், சில தேர்வுகளில் சைட் ரீடிங் கேட்பார்கள், புதிய குழுவோடு ஒரே ஒத்திகையில் மேடைக்குப் போகலாம். எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கருவியைக் கற்கிற மிகப் பலர் ஸ்டுடியோவுக்குள் கால் வைக்கப் போவதே இல்லை. மாலை நேரத்தில் மனநிறைவுக்காக வாசிக்கிற அவர்களுக்கும் நோட்டேஷன் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். நம் காது தொடர்ந்து தவறவிடுகிற ஒன்றை அந்தத் தாள் விடாமல் காட்டுகிறது. ஒரு ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காது சொல்லிவிடும்; அது எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வதில்தான் காது தடுமாறுகிறது. பேஸ் வாசிப்பில் பாதி அந்த நிற்றலில் இருக்கிறது.

காது தடுமாறுவதற்கு இயற்பியல் காரணம் உண்டு. நான்கு தந்தி பேஸின் தடித்த ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் அடிப்படை அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 41. அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டரைத் தாண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது. அங்கே நமக்குக் கேட்பது அந்த ஸ்வரத்தின் மேல் எழும் துணை அதிர்வுகள் மட்டும். அடிப்படையை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. விரல் தந்தியில் படும் கணம் கூர்மையானது, ஆகவே தொடக்கம் தெளிவாகப் பதிகிறது. என்ன ஸ்வரம் என்பதும் துணை அதிர்வுகளிலிருந்து தெரிந்துவிடுகிறது. ஆனால் முடிவு அப்படி இல்லை. ஒலி மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே ட்ரம்ஸின் கிக் விழுகிறது, கீபோர்டு நிறைக்கிறது, பாட்டு வருகிறது. பேஸ் நின்றுவிட்டதா, மற்றவற்றுக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பதிவை வைத்து உறுதியாகச் சொல்வது பழகிய காதுகளுக்கே கடினம். கேட்டுக் கற்பவர் இந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்க்கிறார்? பெரும்பாலும் தீர்ப்பதில்லை. அடுத்த ஸ்வரம் வரும்வரை முந்தியதை ஒலிக்க விட்டுவிடுகிறார். அதுவே நாளடைவில் அவருடைய பாணியாகிவிடுகிறது.

இதில் கருவியின் வரலாற்றுக்கும் பங்கு இருக்கிறது. டபுள் பேஸில் விரலால் மீட்டிய ஒலி தானாகவே விரைவில் அடங்கிவிடும். வாசிப்பவர் நிறுத்தாவிட்டாலும் மரம் நிறுத்திவிடும். 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், உள்ளீடற்ற பெரிய உடலை விட்டுவிட்டுத் திண்மரத்தில் செய்யப்பட்டது. ஃப்ரெட்கள் இருந்ததால் சுருதி பிசகவில்லை. எளிதாகத் தூக்கிச் செல்லவும் முடிந்தது. கூடவே, ஒலி நீண்டு நிற்கத் தொடங்கியது. மரம் செய்த வேலை வாசிப்பவரின் கைக்கு வந்து சேர்ந்தது. இதைத் தயாரிப்பாளரும் உணர்ந்திருக்க வேண்டும். பிரிட்ஜை மூடும் உலோக மூடிக்குள் தந்திகளை அழுத்தும் பஞ்சுத் துண்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. டெட்ராய்டின் மோட்டவுன் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அந்தப் பஞ்சை எடுக்கவே இல்லை. டபுள் பேஸிலிருந்து வந்தவர் அவர். தடித்த வழவழப்பான தந்திகளைப் போட்டு, ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்த கேரல் கே, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளின் மேல் கம்பளித் துணியை வைத்து ஒலியைக் குறுக்கினார். ஒருவர் ஒற்றை விரலால் மீட்டியவர், மற்றவர் பிக் பிடித்தவர். ஒலியின் நீளத்தைக் கட்டுக்குள் வைப்பதில் மட்டும் இருவரும் ஒரே அக்கறை காட்டினார்கள். இருவருக்கும் நோட்டேஷன் வாசிக்கத் தெரியும் என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

தாளில் ஒரு புள்ளி இரண்டு செய்திகளைச் சுமக்கிறது. கோட்டில் அது நிற்கும் இடம் எந்த ஸ்வரம் என்று சொல்கிறது. அதன் வடிவம் எவ்வளவு நேரம் என்று சொல்கிறது. மௌனத்துக்கு ரெஸ்ட் என்ற தனிக் குறி உண்டு, அதற்கும் அளவு உண்டு. ஒரு பீட் முழுக்க ஒலிக்கும் குவார்ட்டர் நோட்டும், அரை பீட் ஒலித்து அரை பீட் ஓயும் எய்ட்த் நோட்டும் ரெஸ்ட்டும் ஒரே நொடியில் தொடங்குபவை, ஒரே ஸ்வரமாகவும் இருக்கலாம். கேட்டுப் பிடிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே படும். தாளில் அவை வேறு வேறு முகங்கள். இன்று இணையத்தில் பேஸ் கற்பவர்கள் அதிகம் நாடும் டேப் முறையில் எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்ற எண்கள் மட்டுமே பெரும்பாலும் இருக்கும், நீளம் இருக்காது. டேப் முறைக்கே இந்தக் குறை உண்டு என்று சொல்ல மாட்டேன். பதினாறாம் நூற்றாண்டின் லூட் டேப்களில் எண்களுக்கோ எழுத்துகளுக்கோ மேலே தாளக் குறிகள் இருந்தன. அவசரத்துக்கு எழுதப்படும் இன்றைய டேப்கள் அதைத்தான் முதலில் கைவிட்டன. இடத்தைச் சொல்லிவிட்டு நேரத்தைச் சொல்லாமல் விடுகிறது டேப். ஐந்து கோடுகள் நேரத்தைச் சொல்லிவிட்டு இடத்தை நம்மிடம் விடுகின்றன. திறந்த ஜி தந்தியின் ஸ்வரத்தையே டி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், ஏ தந்தியின் பத்திலும், ஈ தந்தியின் பதினைந்திலும் வாசிக்கலாம். எங்கே வாசித்தால் ஒலியைச் சுத்தமாக நிறுத்த முடியும் என்பதை வாசிப்பவரே யோசித்தாக வேண்டும். அந்த யோசனையே பாதிப் படிப்பு.

இங்கே முதலில் எழும் மறுப்பு பால் மெக்கார்ட்னியின் பெயரோடு வரும். அவருக்கு நோட்டேஷன் தெரியாது என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ராக் இசையில் பேஸுக்கு ஒரு பாடகனின் குரலைக் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அவர் வாசித்த சூழலையும் பார்க்க வேண்டும். 1967இன் சார்ஜண்ட் பெப்பர் தொகுப்பில் பல பாடல்களுக்குப் பேஸ் கடைசியில், தனித் தடத்தில் பதிவானது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, அவற்றைக் கேட்டுக் கேட்டு, எங்கே நிற்பது எங்கே நகர்வது என்று முடிவுசெய்யும் அவகாசம் அவருக்கு இருந்தது. அதைவிட முக்கியம், தானே ஆக்கிய வரியை வாசித்தவர் அவர். ஆக்குகிறவருக்குப் படித்து அறிய வேண்டியது எதுவும் இல்லை. தன் ஸ்வரத்தின் முடிவு தன்னிடமே இருக்கிறது. அவர் வாசித்ததைப் பதிவிலிருந்து நகலெடுக்க முயலும் நமக்குத்தான் அது மறைந்து போகிறது. மெக்கார்ட்னிக்குத் தாள் தேவைப்படவில்லை என்பதிலிருந்து மெக்கார்ட்னியைக் கற்பவருக்கும் தேவைப்படாது என்று முடிவுகட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. இசையின் உயிர் தாளில் வராது, பீட்டுக்கு ஒரு மயிரிழை பின்தங்கி விழும் அந்தச் சாய்வை எந்தக் குறியால் எழுதுவீர்கள் என்று கேட்பார்கள். எழுத முடியாதுதான். ஜேமர்சனுக்கு மோட்டவுனில் பெரும்பாலும் கார்டு பெயர்கள் எழுதிய தாள்தான் கிடைத்தது. வரியை அவரே அந்த இடத்தில் உண்டாக்கினார். ஆனால் அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1989இல், அவருடைய வரிகளைப் புள்ளிபுள்ளியாக எழுதி ஒரு நூல் வந்தது. அதைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ஸ்வரங்களுக்கிடையே நெருக்கமாக விழும், சுருதியே இல்லாத அடைத்த தட்டல்கள். அவையும் ஒருவகையில் நிறுத்தங்கள்தான். முந்திய ஸ்வரத்தை முடித்துவைத்து அடுத்ததற்கு வழிவிடுபவை. பாட்டில் அவை துடிப்பாக மட்டுமே உணரப்படும், எண்ணிப் பார்க்க முடியாது. சாய்வு தாளில் இல்லை, சரி. சாய்வு எதன் மேல் சாய்ந்திருக்கிறது என்பது தாளில் இருக்கிறது. தாளைப் பார்த்து வாசிப்பவர் விறைப்பாக ஒலிப்பார் என்பதும் ஒரு கட்டம்வரை உண்மை. அந்த விறைப்பு எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையின் குரலில் இருக்கும் விறைப்பு. கூட்டிப் படிப்பதை விட்டுவிடுவதால் அது தீராது, மேலும் படிப்பதால் தீரும்.

தமிழ் வாசகர் மூன்றாவதாக ஒன்று கேட்கக்கூடும். நம் சங்கீதம் குரு வாயிலிருந்து சிஷ்யர் காதுக்குப் போய்த்தானே இத்தனை காலம் தழைத்தது? ஆம். ஆனால் அந்த மரபு நீளத்தை அலட்சியம் செய்ததே இல்லை. கர்நாடக இசையின் ஸ்வரக் குறிப்புகளில் எழுத்துக்குப் பின்னால் வரும் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் நீட்டிப்புக்கான அளவுகள். மிருதங்க மாணவர் சொற்கட்டு சொல்லும்போது கார்வையையும் கைத்தாளத்தில் எண்ணித்தான் கடக்கிறார். அந்தக் கார்வைக்குள் ஒலி தொடர்வதா ஓய்வதா என்பதைப் பெரும்பாலும் சம்பிரதாயத்திடம் விட்டுவிடலாம். பாடுவது ஒற்றை இழை, பின்னால் தம்பூரா ஓயாமல் நிற்கிறது, மௌனம் முழு மௌனமாவதில்லை. பேஸின் நிலை வேறு. அது நிற்கும் கணத்தில் மொத்தக் குழுவின் தரையும் விலகுகிறது. ஆகவே நீட்டிப்புக்கு ஒரு குறி, ஓய்வுக்கு வேறு குறி என்று பிரித்துச் சொல்லும் எழுத்து இங்கே தேவையாகிறது. திரையிசையில் இதை நடைமுறையில் காட்டியவர் இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற அவர், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தன் கையால் ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதிக் கொடுத்தார். பேஸும் அதில் அடக்கம். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால், அது பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாக நகர்வது தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கேட்டே வளர்ந்த ஒரு ஊரின் இசைக்கூடத்தில், வாத்தியக்காரர்கள் தாளைப் பார்த்து வாசித்தே அந்தப் பாடல்களை நமக்குத் தந்தார்கள். கேள்வி ஞானமும் எழுத்தும் ஒன்றையொன்று விரட்டுபவை அல்ல.

நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் ஏன் மீண்டும் பாலபாடத்துக்கு இறங்க வேண்டும் என்பதுதான் எஞ்சி நிற்கும் உண்மையான தடை. கை தானாக ஓடும் வேகத்துக்கு முன்னால், ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படிப்பது சிறுமையாகத் தோன்றும். ஆனால் கை தானாக ஓடும் இடங்களில்தான் நாம் நம்மைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். பழக்கத்தில் ஊறிய ஒருவர் தாளுக்கு முன் உட்காரும்போது, தன் ஒலிகளில் எத்தனை, போக வேண்டிய நேரத்தைத் தாண்டியும் தங்கிவிடுகின்றன என்பதை முதன்முறையாகக் காண்கிறார். அந்தத் தங்கல் மற்றவர்களின் இடத்தைத் தின்கிறது: பாடுபவர் மூச்செடுக்கும் இடத்தை, ஸ்னேர் விழும் இடத்தை. பேஸ் சரியான இடத்தில் நின்றதற்கு யாரும் கைதட்டப் போவதில்லை. மோட்டவுன் தன் தட்டுகளின் உறையில் ஜேமர்சனின் பெயரை அச்சிடவே 1971 ஆயிற்று. பெயர் வராத அந்த ஆண்டுகளிலும் அவர் வரிகளில் ஒன்றுகூட அசட்டையாக முடியவில்லை. கவனிக்கப்படாத வேலையை இவ்வளவு கவனமாகச் செய்ய முடியும் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கற்கத் தொடங்குபவருக்குப் புகழ்பெற்ற வரிகளைவிட இந்த அக்கறை முதலில் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகவே சாதகத்தின் வரிசையையும் மாற்றலாம். வழக்கமான பாடநூல்கள் ஸ்வரங்களின் பெயரில் தொடங்கித் தாளத்தை மெதுவாகச் சேர்க்கின்றன. பேஸுக்கு அது தலைகீழ் என்பது என் கருத்து. சில வாரங்கள் ஒரே ஸ்வரத்தில், தாள வடிவங்களை மட்டும் படிக்கலாம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, ஓய்வுகளையும் ஸ்வரங்களைப்போலவே வாய்விட்டு எண்ணலாம். சொற்கட்டுப் பழகியவருக்கு இது புதிதே அல்ல. இடக்கை விரலை ஃப்ரெட்டிலிருந்து எடுத்தும் எடுக்காமலும், தந்தியின் மேல் லேசாகப் படிய வைத்து, எண்ணிக்கை வந்த அதே கணத்தில் ஒலி அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்த தந்தியை நிறுத்த வலக்கையும் வர வேண்டும். பிறகு ஸ்வரங்கள் வரட்டும். அப்போதும் பேஸ் புத்தகங்களோடு நின்றுவிட வேண்டாம். பேஸுக்கான அதே க்ளெஃபில் எழுதப்பட்ட டிராம்போன் பயிற்சிகள் அருமையானவை, ஏனென்றால் ஊதுகிறவர் மூச்செடுத்தாக வேண்டும், ஓய்வுகள் அங்கே உடலின் தேவையாலேயே விழுந்திருக்கும். பாக் எழுதிய செல்லோ தொகுதிகளையும் படிக்கலாம். செல்லோவின் கீழ் எல்லை, தாளில் பார்த்தால், பேஸின் ஈக்கும் கீழே இறங்குவதால் சில இடங்களை மேல் ஸ்தாயிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பதிவைக் கொடுத்தால் நொடியில் நோட்டேஷன் எழுதித் தரும் மென்பொருள்கள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றால், அந்த மென்பொருளும் மற்ற ஒலிகளுக்கு அடியில் புதைந்த அதே தேய்வைத்தான் கேட்டு ஊகிக்கிறது. அது ரெஸ்ட் போட்டிருக்கும் இடம் சரியா என்று தீர்ப்புச் சொல்ல, ரெஸ்ட்டைப் படிக்கவும் வாசிக்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும். வாசித்ததைக் கைப்பேசியிலேயே பதிந்து, நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். தொடக்கங்களை அன்று விட்டுவிடலாம். ஒவ்வொரு ஒலியும் அடங்கும் இடத்தை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு போனால் போதும்.