பிரம்பும் பக்தியும்

பிறந்த மண்ணைவிட்டு ஐதராபாத், சிக்கந்தராபாத் என்னும் இரட்டை நகரங்களுக்கு வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அச்சம் உண்டு. வேலை கிடைத்துவிட்டது, வீடும் அமைந்துவிட்டது. ஆனால் நம் பிள்ளைகளின் நாவில் தேவாரமும் பாசுரமும் நிற்குமா? இந்த அச்சந்தான் பள்ளி விட்ட பின்னரும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர்களைச் சமய வகுப்புகளுக்கு அனுப்பச் செய்கிறது. சிலர் வேத வகுப்பை நாடுகின்றனர், சிலர் ஞாயிறு பள்ளியை, சிலர் மதரசாவை. பெயர்கள் வேறு, பெற்றோரின் ஏக்கம் ஒன்றே.

பல்லாண்டுகளுக்கு முன், அத்தகைய வகுப்பு ஒன்றிலிருந்து என் மகனை அழைத்துவரச் சென்றிருந்தேன். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பதிகத்தின் மூன்றாம் அடியை மறந்து விழித்தான். ஆசிரியர் நல்லவர், ஊதியம் பெறாமல் கற்பித்தவர். அவர் அச்சிறுவனின் புறங்கையில் பிரம்பால் இருமுறை அடித்தார். அவன் அழவில்லை, எஞ்சிய அடிகளைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். வாயிலில் நின்ற பெற்றோர் நால்வரும் வாளா இருந்தோம். நானும் அவர்களுள் ஒருவன். அன்று நான் பேசாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

இவ்வழக்கம் புதியதன்று. ஐதராபாத் நிசாம் 1800-இல் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்த சீமைகளுள் பல்லாரியும் ஒன்று. அங்குக் கலெக்டராக இருந்த கேம்பெல், 1823-இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்கு வெறும் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இவ்வாறே அடி ஒவ்வொன்றாக ஏறும். சோம்பியவனைக் கைகளைக் கட்டி மேலே தொங்கவிடுவதும் உண்டு என்கிறது அவ்வறிக்கை. நம் திண்ணைப் பள்ளிகளில் அத்தண்டனைக்குக் கோதண்டம் என்று பெயர். கலைமகளின் பெயரும் பிரம்படியும் ஒரே கையிலிருந்து வந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

‘அப்படிப் படித்தவர்கள் பெரும்புலவர்கள் ஆகவில்லையா?’ என்று கேட்பர். ஆயினர், மறுப்பதற்கில்லை. ஆனால் அடிக்கு அஞ்சி ஓடி, ஏட்டையே தொடாமல் வாழ்ந்து மறைந்தவர்களை யார் கணக்கெடுத்தார்? ‘அடியாத மாடு படியாது’ என்பதும் பழமொழிதான். ஆனால் மாடு படிவது வேறு; மாணவன் படிப்பது வேறு. படிந்த மாடு நுகத்தடியை விரும்புவதில்லை.

கணக்குத் தவறியதற்கு அடிபடும் பிள்ளை கணக்கை வெறுக்கக்கூடும். அது பெரிய இழப்பே. இறைவன் பெயரைச் சொல்லத் தவறியதற்கு அடிபடும் பிள்ளையின் இழப்போ இன்னும் பெரிது. இறைவன் பிரம்பின் பக்கம் இருக்கிறான் என்று அவன் கற்றுக்கொள்கிறான். அந்தப் பாடம் எளிதில் மறவாது.

இங்கு வாழும் நம்மவர் பலரும் யாதகிரிகுட்டா சென்று நரசிங்கப் பெருமானை வணங்கி வருகிறோம். அப்பெருமான் யாருக்காகத் தோன்றினார்? ஒரு பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தப்பட்ட சிறுவனுக்காக அல்லவா? ஆசிரியர்கள் முயன்றனர், யானையும் நஞ்சும் ஏவப்பட்டன, பிரகலாதன் நாவு வளையவில்லை. வன்முறையால் வரவழைக்கும் பெயர் வழிபாடு ஆகாது என்பதே அக்கதையின் உயிர். பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு அக்கதையைச் சொல்லும் ஆசிரியர், தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒருகணம் எண்ண வேண்டாவா?

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தை வருத்துவதையும் தடுக்கிறது. ஆனால் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், மதரசாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் முதன்மையாகச் சமயக் கல்வி அளிக்கும் நிறுவனங்களுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்றது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற துன்பம் விளைவிப்போருக்கு, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது; உண்மை. ஆயினும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் புதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரின் இசைவோடு, நல்லெண்ணத்துடன் செய்யப்படுவது சில வரம்புகளுக்குட்பட்டுக் குற்றமாகாது என்பது அதன் சாரம்.

காப்பாளர் யார்? நாம்தான். அன்று வாயிலில் நின்ற நால்வரின் மௌனமே ஆசிரியருக்கு இசைவாகத் தோன்றியிருக்கும். ‘இவ்வளவு தொலைவில் இவரை விட்டால் யார் கற்பிப்பார்?’ என்று எண்ணினோம். மரபு அற்றுப்போகுமோ என்று அஞ்சினோம். அந்த அச்சத்தின் விலையைக் கொடுத்தது நாமல்லோம். ஒரு சிறுவனின் புறங்கை.

செய்ய வேண்டுவது அரிதன்று. பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே, ‘என் பிள்ளையை அடிக்க வேண்டா, மறந்தால் மறுமுறை சொல்லிக் கொடுங்கள்’ என்று பணிவோடும் தெளிவோடும் ஆசிரியரிடம் சொல்லலாம். வகுப்பு நடத்தும் சங்கங்கள் இதனை எழுத்திலேயே விதியாக வைக்கலாம். வீடு திரும்பும் பிள்ளையிடம், ‘இன்று என்ன கற்றாய்?’ என்பதோடு, ‘யாரேனும் அடித்தார்களா?’ என்றும் கேட்கலாம்.

அச்சிறுவன் இன்று வளர்ந்திருப்பான். அப்பதிகம் அவனுக்கு நினைவிருக்கிறதோ, அறியேன். மூன்றாம் அடி வரும்போது அவன் நெஞ்சில் முதலில் எழுவது இறைவனா, பிரம்பா? அதற்கு விடை சொல்லும் கடமை அவனை அடித்தவருக்கு மட்டுமன்று, பார்த்து நின்ற எனக்கும் உண்டு.