காக்கும் குண்டும் தீர்க்கும் குண்டும்

கதை படிக்கிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. குற்றவாளி யார் என்பது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடும். பதினைந்து அத்தியாயம் வரையில் ஒளித்து வைத்திருந்தாலும், பதினாறாவது அத்தியாயத்தில் ஆசிரியன் திரையை விலக்கிக் காட்டித்தான் ஆகவேண்டும். காட்டிய பிறகு சந்தேகத்துக்கு இடம் ஏது? எழுதியவனே சொல்கிறானே! ஆகையால் கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி வெடித்து, வில்லன் சுருண்டு விழும்போது நாமும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடுகிறோம். அந்த நிம்மதியில் தவறொன்றும் இல்லை. அதே நிம்மதியைக் காலைப் பத்திரிகையிலும் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டோமே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது. வாழ்க்கையில் அந்தப் பதினாறாவது அத்தியாயத்தை எழுதித் தர ஆசிரியன் எவனும் இல்லை.

2019-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி இரவு, ஹைதராபாத்துக்கு வெளியே ஷம்ஷாபாத் சுங்கச்சாவடிக்கு அருகில், கால்நடை மருத்துவரான ஓர் இளம் பெண் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். உடலையும் எரித்துவிட்டார்கள். நாடே கொதித்தது. கொதிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நான்கு பேர் கைதானார்கள். டிசம்பர் 6-ஆம் தேதி அதிகாலையில் போலீசார் அவர்களை, உடல் எரிக்கப்பட்ட இடத்தின் பக்கம் அழைத்துப் போனார்கள். அங்கே நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 'எங்கள் துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டு தாக்கினார்கள்; தற்காப்புக்காகச் சுட்டோம்' என்றது போலீஸ் தரப்பு. பொழுது விடிந்ததும் ஜனங்கள் அங்கே திரண்டு வந்து போலீசார் மீது பூக்களைத் தூவினார்கள். இனிப்பு வழங்கினார்கள், பட்டாசு கொளுத்தினார்கள்.

பூத்தூவியவர்கள் கொடியவர்கள் அல்லர். பெண்களைப் பெற்றவர்கள், தங்கையை வேலைக்கு அனுப்பிவிட்டு, அவள் திரும்பும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நம்மைப் போன்றவர்கள்தாம். அதனால்தான் இந்தக் கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: போலீஸ்காரர் ஒரு மனிதனைச் சுட்டுக் கொல்வது எப்போது நியாயம்?

எப்போதுமே நியாயமில்லை என்று சொல்ல நான் தயாரில்லை. கடைத்தெருவில் ஒருவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் அரிவாளால் வெட்டிக்கொண்டு வருகிறான். அடுத்த வீச்சு ஒரு குழந்தையின் மேல் விழப்போகிறது. தடுக்க வேறு வழி இல்லை. அந்த வேளையில் துப்பாக்கியும் கையுமாக இருக்கும் போலீஸ்காரர் ஜீவகாருண்யத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றால், அது புண்ணியம் ஆகாது. உயிருக்கு ஆபத்து வரும்போது எதிர்த்துக் காத்துக்கொள்ளும் உரிமையை நம் தண்டனைச் சட்டம் உங்களுக்கும் எனக்குமே கொடுத்திருக்கிறது. போலீஸ்காரருக்கு மட்டும் இல்லாமற் போகுமா?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குண்டு எதைப் பார்த்துப் பாய்கிறது? 'அடுத்த கணம் இவன் என்ன செய்யப் போகிறான்?' என்பதைப் பார்த்துப் பாய்கிறது. 'நேற்று இவன் என்ன செய்தான்?' என்ற கேள்வி அதற்கு இல்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவன் கையைத் தூக்கிவிட்டால், அதற்கு முன் பத்துப் பேரை வெட்டியிருந்தாலும், சுடும் நியாயம் அந்த நிமிஷத்தோடு தீர்ந்துவிடுகிறது. வரப்போவதைத் தடுப்பது காக்கும் குண்டு. நடந்துபோனதற்காகச் சுடுவது கணக்குத் தீர்க்கும் குண்டு. முன்னதைப் போலீஸ்காரர் கையில் ஒப்படைத்திருக்கிறோம். பின்னதை எந்தத் தனி மனிதனிடமும் நாம் ஒப்படைக்கவில்லை.

இந்த வித்தியாசம் எல்லா நாட்டிலும் சுலபமாக விளங்கிவிடவில்லை. 1974-இல் அமெரிக்காவில், டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகரில், ஒரு வீட்டில் திருடிவிட்டு ஓடிய பதினைந்து வயதுப் பையன் வேலியேறித் தாண்டும் சமயத்தில், போலீஸ்காரர் பின்னந்தலையில் சுட்டார். அவனிடம் ஆயுதம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஓடுகிறவனைப் பிடிக்க அந்த மாகாணச் சட்டம் இடங்கொடுத்தது, அவர் சுட்டார். இறந்த பையனிடம் இருந்தது ஒரு பணப்பையும் பத்து டாலரும். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தப்பி ஓடுகிறான் என்பதற்காக மட்டும் சுடக்கூடாது. அவனால் பிறருக்கு மரணமோ பெருங்காயமோ நேரும் என்று நம்பக் காரணம் வேண்டும் என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த கணத்தைப் பார் என்பதுதானே இதற்கும் பொருள்?

நம் நாட்டிலும், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவனைக் கைது செய்வதற்காகக் கொல்லும் உரிமை கிடையாது என்று குற்ற நடைமுறைச் சட்டம் வெகு காலமாகச் சொல்லி வருகிறது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அந்த விதி, 2023-இல் இயற்றிய புதிய சட்டத்திலும் இருக்கிறது. 'அப்படியானால் பெருங்குற்றம் சாட்டப்பட்டவனைச் சுடலாம் அல்லவா?' என்று சிலர் அதைத் திருப்பிப் படிப்பார்கள். விதி பேசுவது பிடிப்பதைப் பற்றி. ஏற்கெனவே பிடிபட்டு, காவலில் இருப்பவனைத் தண்டிப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

"இதெல்லாம் பேச நன்றாயிருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருஷம் ஆகிறது, தெரியுமா?" என்று வாசகர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குத் தண்டனை நிறைவேறியது 2020 மார்ச் 20-ஆம் தேதி. ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு தாய் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினாள். அந்தத் தாமதத்துக்கு நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும். ஆனால் வைத்தியர் வரத் தாமதமாகிறது என்பதற்காக வாசலில் போகிறவனைக் கூப்பிட்டு வயிற்றைக் கீறச் சொல்வோமா?

2017 செப்டம்பரில், டில்லிக்குப் பக்கத்தில் உள்ள குருகிராமில், ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டு இறந்தான். அன்றைக்கே போலீசார் பள்ளிப் பேருந்தின் கண்டக்டரைக் கைது செய்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்றும் அறிவித்தார்கள். ஊர் அவனைக் கரித்துக் கொட்டியது. பிறகு வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குப் போயிற்று. நவம்பரில் அவர்கள் பிடித்தது அதே பள்ளியில் மேல்வகுப்பில் படித்த ஒரு மாணவனை. 2018 பிப்ரவரியில் கோர்ட்டு கண்டக்டரை வழக்கிலிருந்து விடுவித்தது. முதல் வாரத்திலேயே ஒரு விடியற்காலையில் அவனையும் 'சம்பவ இடத்துக்கு' அழைத்துப் போயிருந்தால்? நாம் பூத்தூவியிருப்போம். அது தவறென்று நமக்குத் தெரியவும் வந்திராது.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் முதலில் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறான் ஒருவன். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்குகிறான். இன்னொரு காவலன், இருட்டில் ஒரு கள்வன் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். உடனே ஒருவனுடைய வாள் பாய்ந்துவிடுகிறது. சிலம்பை உடைத்துப் பார்த்து உண்மை தெரிந்தபோது, கோவலன் உயிரோடு இல்லை. பாண்டியன் அதிலே உயிரை விட்டான். அவன் கொடுங்கோலன் அல்லன், விசாரிக்க மறந்தவன். அவ்வளவுதான்.

ஹைதராபாத்துக்குத் திரும்புவோம். உச்ச நீதிமன்றம் நியமித்த, ஓய்வுபெற்ற நீதிபதி சிர்பூர்க்கர் தலைமையிலான கமிஷனின் அறிக்கை 2022 மே மாதம் வெளியாயிற்று. துப்பாக்கியைப் பறித்த கதை நம்பத் தகுந்ததல்ல. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள். இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். பத்துப் போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது அறிக்கை. கமிஷனின் முடிவு கோர்ட்டின் தீர்ப்பு ஆகாது. விஷயம் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்தப் பத்துப் பேரும், குற்றம் ருசுவாகும் வரையில் நிரபராதிகளே. அவர்கள் தரப்பைச் சொல்ல வக்கீல் வேண்டும். சாட்சிகளை விசாரிக்க வேண்டும். அவசரப்பட்டு யாரும் அவர்களைக் கொலைகாரர்கள் என்றுவிடக் கூடாது. இப்படிச் சொல்லும்போதே மனம் சுருக்கென்கிறது. அந்த நால்வருக்கும் கிடைத்திருக்க வேண்டியதும் இதுதானே? அவர்கள் குற்றவாளிகள்தாமா, நால்வருமேதானா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது. இறந்த பெண்ணுக்குச் சேர வேண்டிய நீதியும் அந்த விடியற்காலையிலேயே வாயடைத்துப் போய்விட்டது.

போலீசார் சுட்டு ஒருவர் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று 2014-இல் நம் உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்திருக்கிறது. சுட்டவர்களின் நிலையத்தார் அல்லாத வேறு அதிகாரிகள் புலன் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்டிரேட் விசாரணை நடக்க வேண்டும். அவற்றோடு இன்னொன்றும் உண்டு: சுட்ட கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது, வீரச் செயல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமான பிறகே கொடுக்கலாம்.

சர்க்கார் பதக்கம் கொடுப்பதற்கே விசாரணை முடியும் வரை பொறுத்திருக்க வேண்டுமென்றால், நாம் பூத்தூவுவதற்கும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.