தகப்பனுக்கு யார் துணை?

திருவண்ணாமலையில் ஆண்டுக்கு ஒருமுறை கடவுளே ஒரு மனிதனுக்குத் திதி கொடுக்கிறார். மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் ஊரை விட்டுப் புறப்பட்டுப் பள்ளிகொண்டாப்பட்டு என்ற கிராமத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கே கௌதம நதியில் தீர்த்தவாரி நடக்கிறது. வல்லாள மகாராஜன் என்ற அரசனுக்குப் பிள்ளையின் ஸ்தானத்தில் இருந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுத் திரும்புகிறார். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், தைப்பூசத்தன்று, ஈசானிய தீர்த்தத்தில் நீராடித் திரும்பும் வழியில் அவருக்குச் சாவுச் செய்தி சொல்லப்படுகிறது. உடனே மேளம் நின்றுவிடும். போகும்போது வாத்திய கோஷத்தோடு போன சுவாமி, தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையைப் போல, ஓசையில்லாமல் கோயிலுக்குள் போய்விடுகிறார்.

எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் இந்த அரசனுடைய கதை வருகிறது. வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. அவனைச் சோதிக்கச் சிவன் அடியாராக வருகிறார். அரசனுடைய சொல் பொய்யாகிவிடக் கூடாதென்று இளைய ராணி சல்லமா தேவி அவர் முன்னால் போய் நிற்கிறாள். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிவிடுகிறார். குழந்தையை வாரி எடுத்துக் கொஞ்சி முடிப்பதற்குள் அது மறைந்துவிடுகிறது. ‘உனக்குப் பிள்ளையாக இருந்து கடைசிக் கடனை நானே செய்வேன்’ என்ற வாக்கு மட்டும் மிஞ்சுகிறது. இதுதான் கதை.

சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகிறது. வல்லாளன் என்பவர் ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளர். 1311-இல் மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தின் மீது வந்தது. பின்னாளில் அவர் திருவண்ணாமலையைத் தமது இருப்பிடமாக்கிக் கொண்டார். முதிய வயதில், 1342 வாக்கில், மதுரை சுல்தானோடு கண்ணனூர்ப் பக்கம் நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள் என்று இபின் பதூதா என்ற யாத்திரிகர் எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு விஷயம்: இந்த அரசருக்குப் பிள்ளை இருந்தான். விருபாட்ச வல்லாளன் என்ற அந்தப் பிள்ளைதான் அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தான்.

பிள்ளை இருந்த ராஜாவைப் புராணம் ஏன் பிள்ளையில்லாதவனாக ஆக்கிற்று? நான் சரித்திர ஆசிரியனல்லன், கதை எழுதுகிறவன். கதை எழுதுகிறவனுக்கு உரிய சலுகையோடு ஓர் ஊகம் செய்கிறேன். தங்களோடு வாழ்ந்த ஒரு கிழவர் எங்கோ அந்நியமான சுவரில் தொங்கினார், உடம்புகூட வீடு வந்து சேரவில்லை என்ற செய்தியை இந்த ஊர் ஜனங்களால் பொறுத்துக்கொள்ள முடிந்திராது. பெற்ற பிள்ளை செய்திருப்பான், செய்யாமலும் இருந்திருப்பான். அவனும் ஒருநாள் சாகிறவன்தானே? சாகாத ஒரு பிள்ளையை ஊரே பார்த்து அவருக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டது. அந்தச் சுவீகாரம் இன்றுவரை செல்லுபடியாகிறது.

இதைவிட ஓர் ஊர் ஒரு தகப்பனுக்கு என்ன மரியாதை செய்துவிட முடியும்? ஆனால் என்னை உறுத்துகிற விஷயமும் இதிலேயே இருக்கிறது. இவ்வளவும் அவர் செத்த பிறகு. உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிற இரவில், பையன் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்துகொண்ட மாலையில், யார் வந்து நிற்கிறார்கள்?

திருவள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் தகப்பனுக்கு ஒரு குறளில் கடமையைச் சொன்னார். மகனுக்கு ஒரு குறளில் கைம்மாற்றைச் சொன்னார். தாய்க்குத் தனியே ஒரு குறளில் மகிழ்ச்சியைச் சொன்னார். தகப்பனுடைய மகிழ்ச்சி என்று தனியாக ஒன்றும் சொல்லவில்லை. வள்ளுவர் குறை வைத்தார் என்று வாதாட எனக்குத் துணிச்சல் இல்லை. குழந்தையின் ஸ்பரிசமும் மழலையும் இருவருக்கும் பொதுவென்று அவர் விட்டிருக்கலாம். நாம்தான் கடமையை மட்டும் தகப்பன் பங்குக்கு ஒதுக்கிவிட்டு மற்றதை மறந்துபோனோம்.

நம் ஆஸ்பத்திரிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-இல் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. பிரசவ அறைக்குள் கர்ப்பிணிக்குத் துணையாக ஒருவர் இருக்கலாம். அந்தத் துணை ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடக்கிற திட்டத்தில் ஏழைத் தாய்க்குப் பணமும் சத்துணவுப் பொருள்களுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவி வருகிறது. 2017-இல் திருத்திய சட்டம் வேலைக்குப் போகிற தாய்க்கு 26 வாரம் விடுப்புத் தருகிறது. எல்லாம் வேண்டியவை, போதாதென்றே சொல்லுவேன். இவற்றில் தகப்பனுடைய இடம் வராந்தா. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தனாக இருந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்கு அதுவும் இல்லை. குழந்தை பிறந்த மறுநாள் காலை கல்லாப் பக்கம் போய் உட்கார வேண்டியதுதான்.

வராந்தாவில் நிற்கிறவனுக்கு என்ன கஷ்டம் வந்துவிட்டது என்று கேட்கலாம். அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் 2010-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிரசவத்துக்கு முன்னும் பின்னுமான காலத்தில் பத்துத் தகப்பன்மாரில் ஒருவர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்று கண்டிருந்தார்கள். நம்மில் அந்தப் பத்தாவது ஆளைப் பற்றி ‘ஏண்டா இப்படி உம்மென்று இருக்கிறாய்?’ என்பதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

இதையெல்லாம் நான் வீட்டில் பேசியபோது என் மனைவி கேட்டாள்: “ஏன், உங்களுக்குத்தான் டீக்கடை இருக்கு, கட்சி ஆபீஸ் இருக்கு, கோயில் மண்டபத்துத் திண்ணை இருக்கு. இன்னும் என்ன சங்கம் வேணும்? பத்து மாசம் சுமந்து, பெத்து, ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கறது நாங்க.”

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆண்களுக்குக் கூடிப் பேச இடம் இல்லை என்று சொன்னால் கல்லும் சிரிக்கும். ஆனால் அங்கெல்லாம் என்ன பேசுகிறோம்? நிலவிலை, தேர்தல், யார் யாரை ஏமாற்றினான் என்ற கதை. பிள்ளை என்ற பேச்சு வந்தால் அவன் வாங்கிய மார்க்கு வரும், அதுவும் நல்ல மார்க்காக இருந்தால். தகப்பன் என்ற உத்தியோகத்திலிருந்து தப்பித்து வந்தவர்கள் மூச்சு வாங்குகிற இடங்கள் அவை. தகப்பன்மாருக்கென்று ஒரு கூட்டம் ஏற்பட்டால் அதற்கு நான் ஒரே ஒரு பரீட்சைதான் வைப்பேன்: அங்கே போய்வருகிறவன் வீட்டுக்குச் சீக்கிரம் திரும்புகிறானா, தாமதமாகத் திரும்புகிறானா? தாமதமாகத் திரும்பினால் என் மனைவி சொன்னதுதான் சரி.

ஒரு காலத்தில் இந்தக் கூட்டம் நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நம் பாஷைக்குள்ளேயே இருந்தது. பெரியப்பா, சித்தப்பா என்கிறோம். பெரிய அப்பா, சின்ன அப்பா. தகப்பன் என்பது ஒரே ஆள் பார்க்கிற வேலை அல்ல என்று தமிழ் முடிவு செய்து வைத்திருந்தது. இதற்கு இந்த ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. திருச்சுழியில் சுந்தரமய்யர் என்பவர் 1892-இல் காலமானார். அவருடைய பிள்ளைகளில் மூத்தவனையும் அடுத்தவனையும் மதுரையிலிருந்த சித்தப்பா சுப்பையர் அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். இரண்டாவது பையன் வேங்கடராமன், தன் தகப்பனைத் தேடி அவர் கட்டளைப்படி போவதாக ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். பிறகு உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. அந்தச் சீட்டில் சொன்ன தகப்பன் அருணாசலமே என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எனினும், நான்கு வருஷத்துக்கு முன் தகப்பனை இழந்த ஒரு பையன் எழுதிய சீட்டு அது என்பதும் என் நினைவை விட்டுப் போவதில்லை.

நான் அதிகமாக நினைத்துக்கொள்வது அந்தச் சித்தப்பாக்களைத்தான். சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய சுப்பையர், பிள்ளை காணாமற்போனான் என்று அண்ணன் மனைவிக்கு எந்த முகத்தோடு சொல்லியிருப்பார்? பிள்ளை இருக்குமிடம் தெரிந்ததும் மானாமதுரையிலிருந்து இன்னொரு சித்தப்பா, நெல்லையப்பையர், இந்த ஊருக்கு வந்தார். அழைத்துப் பார்த்தார். பிள்ளை வாய் திறக்கவில்லை. திரும்பிப் போனார். மகான்களின் சரித்திரத்தில் இத்தகையவர்களுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். செத்துப்போன அண்ணனுடைய வேலையைச் செய்ய வேறு யாரும் அவர்களை நியமிக்கவில்லை. சித்தப்பா என்ற சொல் நியமித்தது.

கூட்டுக் குடும்பத்தை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அண்ணன் பிள்ளையின் சொத்தைத் தின்ற பெரியப்பாக்களை என் கதைகளில் நிறையவே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வீடு கலைந்தபோது சொத்துச் சண்டையோடு சித்தப்பாவும் போய்விட்டார். இன்று வாடகை வீட்டில், மூன்று பேர் உள்ள குடித்தனத்தில், பெரியப்பா வேலையையும் சித்தப்பா வேலையையும் தாய்மாமன் வேலையில் பாதியையும் ஒருவனே பார்க்கிறான்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர். மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரே பெண். ஒரு சாயங்காலம் அந்தப் பெண் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறக்க மாட்டேன் என்றாள். என்ன விஷயம் என்று இவருக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று புரியவில்லை. தெருவில் வந்து நின்றார். எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் கால்மணி நேரம் நின்றார். எதிர்வீட்டுக் கிழவி, “ஏம்பா நடுத்தெருவுல நிக்கிற?” என்று கேட்டாள். “ஆயா, கொஞ்சம் சக்கரை இருக்குமா?” என்றார் இவர். கிழவி சர்க்கரையை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, பேசாமல் அவருக்குப் பின்னாலேயே வீட்டுக்குள் போனாள்.

பின்னொரு நாள் அவரே என்னிடம் சொன்னார்: “என் சம்சாரம் செத்த அன்னிக்கு ஊரே வந்து நின்னுது சார். இதுக்கு யாரைக் கூப்புடறதுன்னு தெரியல.”

தன் கஷ்டத்தைப் பிள்ளைக்குத் தெரியாமல் மறைக்கிற தகப்பனை நாம் உத்தமன் என்று கொண்டாடி வந்திருக்கிறோம். அதில் உண்மை உண்டு. வீட்டுக் கடனைப் பத்து வயதுப் பையன் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் பிள்ளையிடம் மறைப்பது ஒன்று, உலகத்தில் எவரிடமும் சொல்லாமல் இருப்பது வேறொன்று. முன்னது அன்பு, பின்னது பெரும்பாலும் வீம்பு. சர்க்கரை கேட்டாரே, அந்தச் சர்க்கரைதான் வீம்பு.

சட்டம் வந்தால் இது சரியாகிவிடுமா? ஸ்வீடன் தேசத்தில் 1974-லேயே தகப்பனும் குழந்தைக்காகச் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம் என்றார்கள். ஆனால் தகப்பன்மார் அதிகம் பேர் எடுக்கவில்லை. தாயின் பேருக்கே அதை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். 1995-இல் ஒரு மாதத்தை, தகப்பன் எடுக்காவிட்டால் வீணாகிப்போகும்படி, அவனுக்கென்றே ஒதுக்கிய பிறகுதான் வீட்டில் உட்கார ஆரம்பித்தார்கள். கையை நீட்டினால் ஆண்பிள்ளை வாங்கிக்கொள்ள மாட்டான் என்பது அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்கள், பெரும்பாலும் வயதானவர்கள், ஒன்றாகத் தச்சு வேலை செய்யவென்று கொட்டகைகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதிரெதிரே உட்காரவைத்தால் பேசாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பலகை இழைக்கும்போது பேசுவார்கள் என்று கண்டுகொண்டிருக்கிறார்கள்.

நமக்குக் கொட்டகை வேண்டாம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. பௌர்ணமி ஜன சமுத்திரத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது; மற்ற நாட்களில் விடியற்காலையில் பேசலாம். மண்டிக் கணக்கர், ஒரு பள்ளி ஆசிரியர், நான், இன்னும் ஒருவர் சில மாதங்களாக நடந்து வருகிறோம். முழுப் பாதையும் அல்ல, நிருதி லிங்கம் வரையில் போய்த் திரும்பிவிடுவோம். எல்லோருக்கும் வேலை இருக்கிறது. இதற்குச் சங்கம் என்றோ மன்றம் என்றோ பெயர் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வைத்தால் தலைவர் வேண்டும் என்பார்கள்.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. தன் பிள்ளையின் பிழையைப் பிறரிடம் சொல்லி ஆறுதல் தேடுகிற தகப்பன், பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவன் ஆகிறானா? ஒரு நாள் ஆசிரியர் தம் மகனைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். என்ன விஷயம் என்று இங்கே எழுத மாட்டேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அவனை நீங்கள் யாரும் வேறு மாதிரி பார்த்துவிடக் கூடாது” என்றார். அவர் கேட்டது நியாயம். தன் பயத்தைச் சொல்லத் தகப்பனுக்கு உரிமை உண்டு. பிள்ளையின் பெயரைக் கெடுக்க இல்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு ஒவ்வொரு தடவையும் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகையால் சொல்லுகிறவனைவிடக் கேட்கிறவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். கேட்டதை வீட்டுக்குக்கூட எடுத்துப் போகக் கூடாது. என் மனைவிக்கு இதில் வருத்தந்தான்.

போன வாரம் அந்தப் பையனைத் தேரடித் தெருவில் பார்த்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு வணக்கம் சொன்னான். எந்த வகுப்பு என்று கேட்டேன். “டென்த், அங்கிள்” என்றான். கண்ணாடிக் கடைக்கு வழி கேட்டான், காட்டினேன். போய்விட்டான்.