உண்ணாதவரின் அருகே

"லீவு கிடைச்சா கோயில் குளம்னு போகாம, பட்டினி கிடந்து செத்தவரோட கல்லைப் பார்க்கப் போறீங்களே அக்கா, மனசுக்கு ஏதும் கஷ்டமா?" மஸ்கட்டிலும் லண்டனிலும் வேலை பார்க்கும் தோழிகள் இப்படித்தான் கேட்கிறார்கள். எல்லோரும் என்னைப் போல நர்சுகள். நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியே நெருங்கியவர்கள். திருநாதர்குன்றின் படத்தை அனுப்பினால் போதும், கேள்வி வந்துவிடும். அக்கறையில் வரும் கேள்வி என்பதால் மழுப்ப மனம் வரவில்லை.

குன்று செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே ஒரு பெரும் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் 24 பேரையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்குள்ள ஒரு கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. சுமார் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். இன்னொரு கல்வெட்டில் இளைய பட்டாரர், 30 நாள் நோன்பு. பெயர் இருக்கிறது, நாள் கணக்கு இருக்கிறது. வலித்ததா, பயந்தாரா, கடைசி வாரத்தில் தண்ணீரை யார் எடுத்து வைத்தார்கள், எதுவும் இல்லை. அந்த இடைவெளிதான் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுக்கிறது.

நான் பார்ப்பது நோய் முற்றியவர்கள் படுத்திருக்கும் வார்டு. கடைசி நாட்களில் அவர்களுக்குப் பசி அற்றுப்போகும். மகள் கரண்டியில் கஞ்சியை எடுத்து, "ஒரு வாய் மட்டும்மா" என்று உதட்டில் வைத்துக்கொண்டே இருப்பாள். அம்மாவின் பற்கள் இறுகியிருக்கும். கஞ்சி வாயோரம் வழியும், மகள் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் கரண்டியை நீட்டுவாள். விழுங்கும் வலு போனவருக்கு வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், நுரையீரலில் சளி கட்டும். இதை எடுத்துச் சொன்னால், "அப்ப பட்டினி போட்டுச் சாகடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என் படிப்பில் பதில் இல்லை. உணவை விடுவதும் உயிரை வெறுப்பதும் ஒன்றுதானா? பிறந்ததிலிருந்து முருகனைக் கும்பிடுகிற நான் சமண நூல்களைத் தேடிப் போனது இதற்காகத்தான்.

உண்ணாதிருந்து உயிர் விடும் இந்த நோன்பைச் சமணர்கள் சல்லேகனை என்கிறார்கள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம், தீராத நோய், முதுமை, பஞ்சம், விலக்க முடியாத ஆபத்து என்ற நிலைகளில்தான் இதற்கு இடம் தருகிறது. உறவு, பகை இரண்டையும் விட்டு, எல்லோரையும் மன்னித்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு சோற்றை விட்டுப் பால், பாலை விட்டுக் கஞ்சித் தெளிவு, அதையும் விட்டு வெந்நீர் என்று படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் இந்த நோன்பைக் கெடுக்கும் ஐந்து குற்றங்களைச் சொல்கிறது: வாழ ஆசைப்படுவது, சாக ஆசைப்படுவது, நண்பர் மேல் பற்று, அனுபவித்த இன்பத்தின் நினைப்பு, மறுபிறவியில் பலன் வேண்டுவது.

இரண்டாவதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சாக வேண்டும் என்ற அவசரம் வந்தாலே நோன்பு பழுதாகிவிடுகிறது. "செத்துட்டாத் தேவலை" என்று சொல்லும் இளைஞனுக்கு இதில் துளியும் இடமில்லை. அவனுக்கு வேண்டியது மருத்துவரும் உடன் இருக்கும் மனிதர்களும். தோழிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக்குச் சமம் என்றது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. முதியவர்களை வீட்டார் பட்டினி போட்டுவிடக் கூடாதே என்ற கவலை நியாயமானது. ஆனால் படுத்திருப்பவர் மனதில் இருப்பது விடுதலையா வெறுப்பா என்பதை எந்தச் சாட்சியத்தால் அளப்பது?

சாகும் நேரத்து ஆசை பற்றிய எண்ணம் நம் ஊரிலும் உண்டு. இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு மண்ணாசை என்றால் நிலத்து மண்ணைக் கரைத்தும், பொன்னாசை என்றால் பொன்னை உரசியும் வாயில் விடுவார்கள். ஆசையைத் தீர்த்து அனுப்புவது நம் வழி, ஆசையை விட்டுப் போவது சமணர் வழி. நண்பர் பற்றைக் குற்றம் என்பதில் மட்டும் என் மனம் ஒப்பவில்லை. உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன், நண்பர் பிசிராந்தையார் வருவார் என்று பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்தார். அந்தச் சாவில் குறை இருப்பதாக என்னால் நினைக்க முடியாது.

சிவாரியரின் பகவதி ஆராதனையில் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. நோன்பிருப்பவருக்கு 48 துறவிகள் துணை நிற்க வேண்டுமாம். நான்கு நான்கு பேராக வேலையைப் பிரித்திருக்கிறார்கள். சிலர் தூக்கி உட்கார வைக்க, திருப்பிப் படுக்க வைக்க. சிலர் அறக்கதை சொல்ல. சிலர் மலசலம் அகற்ற. சிலர் வாசலில் காவல் இருக்க. ஆள் கிடைக்காத காலத்தில் இரண்டு பேராவது இருந்தே ஆக வேண்டும். குகையில் தனியே காய்ந்து செத்தவர் என்றுதான் சந்திரநந்தியை நினைத்திருந்தேன். இதைப் படித்த பிறகு அந்தப் பாறையைச் சுற்றி ஷிப்ட் மாற்றும் ஆட்கள் நடமாடுவதாகத்தான் தோன்றுகிறது. நல்ல வார்டுக்கு வேண்டிய அத்தனை வேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதற்கு மஸ்கட்காரி கல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் அவள் அம்மா சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், அண்ணன், மூக்கில் டியூப் போடலாம் என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். முதலில் டாக்டரை வரச் சொல், வாய்ப்புண்ணா, மலச்சிக்கலா, மனச்சோர்வா என்று பார்க்கட்டும், சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யட்டும் என்றேன். முடிவு நெருங்கியதுதான் என்று அவர் சொன்னால், டியூப் வேண்டுமா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். அவர் சாப்பாடு கேட்டால் ஊட்டுங்கள், வாயை மூடினால் கரண்டியை எடுத்துவிடுங்கள். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்துக்கொண்டே இருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். அண்ணனும் அண்ணியும் முறை போட்டுக்கொள்ளட்டும். நீ டிக்கெட் எடு.