நின்றுபோன அத்தியாயம்

நாவல் ஏழாம் அத்தியாயத்தில் நின்று எட்டு மாதம். உற்சாகம் வற்றிப்போச்சு என்று சொல்லித் திரிந்தேன். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'வை மறுபடி எடுத்தேன். அதில் அவமானத்தோடு விளையாட்டும் சிரிப்பும் இருக்கின்றன. என் தாள்களில் அழுகை மட்டுமே.

ஒரு ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஆண்டை வீட்டுல கொட்டாங்கச்சியில தண்ணி குடிச்சத எழுதியிருக்க. அவரு கெணத்துல நாங்க ராத்திரியில எறங்கிக் குளிச்சத ஏன் எழுதல?"

"நீ சொல்லவேயில்லையேம்மா."

"நீ எங்க கேட்ட?"

நான் துயரத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். வாசகன் இரங்க வேண்டுமென்று அம்மாவைக் குறுக்கிவிட்டேன். இது நியாயமா? அந்தப் பாதி உண்மையைத் தொடர மனசு மறுத்திருக்கிறது. அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். எழுத்து ஓடவில்லையா தோழர்களே, உற்சாகத்தைத் தேடாதீர்கள். யாரிடம் எதைக் கேட்காமல் விட்டோம் என்று பாருங்கள்.

கெணத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன்.