நோய் தோன்றுமுன் நாடுதல் தகுமோ?

குற்றாலத்தில் சாரல் காலத்தே நீராடுவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. மலைமேல் பெய்யும் மழை அருவியின் அடியில் நிற்பவனுக்குத் தெரிவதில்லை. தலைமேல் விழும் நீர் இதமாகவே இருக்கும். வெள்ளமோ மேலே புறப்பட்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய வெள்ளம் ஓர் இளம் மாணவனின் உயிரைக் கொண்டு சென்றது. வெளியேறுமாறு காவலர் ஊதும் ஊதலை எவரும் அபசகுனமாகக் கொள்வதில்லை.

சரீர விஷயத்தில் மட்டும் மாந்தர் வேறு நியாயம் பேசுகின்றனர். "நோவொன்றும் இல்லாதபோது வைத்தியரிடம் செல்வானேன்? எல்லாம் பெருமாள் விட்ட வழி" என்பர். சரணாகதியின் மொழிபோல் தோன்றினும், ஆராயுமிடத்து இது பெரும்பாலும் அச்சத்தின் மொழியே. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் தென்காசி அரசு மருத்துவமனைக்கு ஓடும் தாய், அதனால் தன் பக்தி குறைந்ததாக எண்ணுகிறாளா?

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரு நாளில் தோன்றுவதன்று. வைரஸ் கிருமி தொற்றியபின் அது புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. அக்காலமெல்லாம் வலியில்லை. காடியிலுள்ள அமிலத்தை நீர்க்கச் செய்து தடவி, ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால், மாறுதலுற்ற இடம் வெண்மையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்தனர்; மாறுதல் கண்ட இடத்தை உறையச் செய்து அழித்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, இச்சோதனை நடந்த கிராமங்களில் அந்நோயால் நேர்ந்த மரணம், நடைபெறாத கிராமங்களைக் காட்டிலும் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. 30 வயது கடந்த பெண்டிர்க்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

எல்லாப் புற்றும் இவ்வாறு முன்னறியத்தக்கதன்று. கணையத்தில் எழுவது அத்தகையது. ஆயினும் புகையிலை தரிப்போரின் வாயில் காணும் ஆறாத வெண்படலத்தைப் பார்க்க ஒரு விளக்கும் கண்ணாடியும் போதும். பீடி சுற்றும் ஊர்கள் மலிந்த தென்காசிச் சீமைக்கு இது சொல்லத் தக்கதே.

அத்திண்டுக்கல் ஆய்வில் அழைக்கப்பட்ட பெண்டிர் 49,311 பேர். வந்தவர் 31,343 பேர். ஏனையோரைத் தடுத்தது நாணமோ, அச்சமோ, வீட்டு வேலையோ? அவர்களைக் குறை கூறுதல் எளிது. ஆனால் கேள்வி அவர்தம் கணவரையும் மைந்தரையும் நோக்கியது. திருவிழாவுக்குப் புறப்படும் நாளில் அடுப்பைப் பார்க்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் வீட்டில் ஆள் கிடைக்கிறது. சோதனைக்குச் செல்லும் நாளில் கிடைப்பதில்லை.